குன்னூர் வீட்டு கீசரும் ஒப்பந்தத்தில் விட்டுப்போன ஒரு வரியும்

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் ராஜபாளையத்திலிருந்து குன்னூருக்குக் குடிபெயரும் வரை எங்கள் வீட்டில் கீசர் என்ற பொருளே இருந்ததில்லை. எங்கள் ஊரில் வெந்நீர் என்பது காய்ச்சல்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வைப்பது. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்து, மனைவியோடும் ஆறு வயது மகளோடும் மூட்டுவாதம் உள்ள அம்மாவோடும் மலையேறிய பிறகுதான், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓர் ஊரில் வெந்நீரும் அரிசி பருப்பைப் போன்ற அன்றாடத் தேவை என்பதை உணர்ந்தேன். அந்த வெந்நீரைத் தந்த கீசர் பழுதானபோது செலவை யார் ஏற்பது என்ற கேள்வி வந்தது. குன்னூர் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பணத்தையும் மன அமைதியையும் இழந்தேன். அடுத்து குடிபோன கோத்தகிரி வீட்டில் அதே கேள்வியைச் சாவி வாங்கும் முன்பே தீர்த்துக்கொண்டேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டையும் விவரமாக எழுதுகிறேன்.

குன்னூரில் நாங்கள் எடுத்தது பெட்போர்டு பகுதிக்குக் கீழே, சரிவில் கட்டிய வீட்டின் மாடிப் பகுதி. மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000 ரூபாய். உரிமையாளர் பணி ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் குடியிருந்தார். குளியலறையில் 15 லிட்டர் கீசர், சமையலறையில் ஒரு கதவு ஃபிரிட்ஜ், பின்கட்டில் ஒரு வாஷிங் மெஷின் ஆகியவற்றை அவர் வீட்டோடு சேர்த்து விட்டிருந்தார். புரோக்கர் எழுதி வைத்திருந்த 11 மாத ஒப்பந்தத்தில் இந்தப் பொருள்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'வீட்டில் உள்ள பொருள்களை நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.' தொழிற்சாலையில் ஒரு ரூபாய்க்கும் ரசீது கேட்பவன் நான். ஆனால் அந்த 'நல்ல நிலை' என்ன என்று கேட்காமலே கையெழுத்திட்டேன். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் ஒரு மூலையில் கிழிந்து டேப் ஒட்டப்பட்டிருந்ததை அன்றே பார்த்தேன். அதையும் படம் எடுத்து வைக்கவில்லை.

நவம்பர் இறுதியில் கீசரின் அடியில் இருந்த வால்விலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. விரலால் தொட்டால் சுட்டது. வாளி ஒன்றை வைத்துவிட்டு அதை மறந்துபோனோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் அந்த முறை ஏறக்குறைய 900 ரூபாய் கூடியிருந்ததைப் பார்த்தபோதுகூட, குளிர்காலம் என்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். சொட்டிக்கொண்டிருந்தது நாங்கள் பணம் கொடுத்துச் சுடவைத்த நீர் என்பது பிறகுதான் புரிந்தது. முதல் சொட்டு விழுந்த அன்றே உரிமையாளருக்குப் படத்துடன் தெரிவித்திருந்தால் அடுத்து நடந்த பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும். பழுதைக் கண்ட பிறகு வாடகைதாரர் எத்தனை நாள் பேசாமல் இருக்கிறாரோ, அத்தனை நாளும் பழி அவர் பக்கம் சாய்ந்துகொண்டே போகும்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு காலையில் சுவிட்சைப் போட்டதும் மெயின் போர்டில் இருந்த எம்.சி.பி. (கோளாறு இருந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிட்டது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது. அன்றிலிருந்து 12 நாள் கேஸ் அடுப்பில் அண்டா வைத்துத்தான் நால்வரும் குளித்தோம். 40 நாள் வரும் சிலிண்டர் 25 நாளில் தீர்ந்தது. அம்மா விரல்களை மடக்க முடியாமல் காலையில் அடுப்பருகே உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "நான் கொடுக்கும்போது நல்லாத்தானே தம்பி இருந்துச்சு? தண்ணி இல்லாத நேரத்துல போட்டிருப்பீங்க" என்றார். குன்னூரில் குழாய் நீர் நாள்தோறும் வருவதில்லை. மேல் தொட்டி சில நாள் வறண்டுபோவது உண்மை. எனவே அவர் சொன்னதை மறுக்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

மலை ஊர்களில் பழுதுபார்ப்பவர் கிடைப்பதே ஒரு வேலை. உள்ளூரில் இருக்கும் சிலர் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். உதிரி பாகம் கோவையிலிருந்து பேருந்திலோ பார்சலிலோ வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் அதுவும் நின்றுவிடும். எட்டாம் நாள் வந்த மெக்கானிக் ஐம்பது வயதைக் கடந்தவர். அவர் அன்று காட்டியதைத்தான் நான் கற்ற முதல் பாடம் என்று சொல்வேன்.

கீசரின் அடிமூடியைக் கழற்றி, நீரை வடித்து, நீரைச் சூடாக்கும் காயிலை வெளியே இழுத்தார். செம்பு நிறம் கறுத்து, ஓரிடத்தில் மேலுறை வெடித்து உள்ளே இருந்த வெள்ளைத் தூள் தெரிந்தது. "இது தண்ணி இல்லாமத்தான் எரிஞ்சிருக்கு, அது நிஜம்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ இறங்கியது. ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. தொட்டி வகைக் கீசரில் குளிர்நீர் அடியில் நுழைந்து வெந்நீர் மேலிருந்து வெளியேறுவதால், மாடித் தொட்டி வறண்டாலும் கீசருக்குள் நீர் நிறைந்தே இருக்கும் என்றும், நுழைவாயிலில் உள்ள வால்வு நீரை ஒரு பக்கமாக மட்டுமே விடுவதால்தான் அப்படி இருக்கிறது என்றும் விளக்கினார். பிறகு அந்த வால்வைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே இருந்த சுருள்கம்பி துருப்பிடித்து, திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மாடித் தொட்டி வறண்டு, கீழே ஏதேனும் ஒரு குழாயைத் திறந்தபோதெல்லாம் கீசரின் நீர் வந்த வழியே இறங்கியிருக்கிறது. வெளியே இருந்து பார்க்கும் யாருக்கும் அது தெரிய வாய்ப்பில்லை. வெந்நீர் சொட்டியதும் இதே வால்வின் இன்னொரு துவாரத்திலிருந்துதான்.

அடுத்து அவர் காயிலை ஒட்டியிருந்த மெல்லிய கம்பி ஒன்றைக் காட்டினார். அது ஆனோடு எனப்படும் மக்னீசியத் தண்டு. தொட்டியின் இரும்பு அரிக்கப்படாமல் இருக்க, தன்னை அரிக்கக் கொடுத்துக் கரைந்துபோவதற்காகவே வைக்கப்படும் பொருள். புதிதாக இருக்கும்போது விரல் தடிமன் இருக்கும் என்றார். எங்கள் கீசரில் கரைந்து முடிந்து, நடுவில் இருக்கும் எஃகுக் கம்பி மட்டும் எஞ்சியிருந்தது. கீசரின் பக்கவாட்டில் படிந்திருந்த ஈரத்தைத் துணியால் துடைத்து, அங்கே ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார். தயாரித்த ஆண்டு 2009. நாங்கள் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

காயில், வால்வு, ரப்பர் வளையம், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து தொட்டியே அடியில் ஓட்டை விழுந்து ஒழுகியது. புதுக் கீசர் மாட்ட 7,600 ரூபாய் ஆயிற்று. பாதி நான் தர வேண்டும் என்று உரிமையாளர் சொன்னார். அம்மாவின் விரல்களை நினைத்து மறுபேச்சுப் பேசாமல் 3,800 ரூபாய் அனுப்பினேன். நான் கொடுத்த அந்தப் பாதி, 2021இல் நாங்கள் காலி செய்தபோது அந்தச் சுவரிலேயே தங்கிவிட்டது. அதோடு நிற்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவின் ரப்பருக்கும் வாஷிங் மெஷினின் குழாய்க்கும் என்று 4,200 ரூபாயைக் கழித்துக்கொண்டு, மீதி அட்வான்ஸ் மூன்று மாதம் கழித்து வந்தது. நான் முதல் நாளே பார்த்த அந்தக் கிழிந்த ரப்பருக்குத்தான் பணம் பிடிக்கப்பட்டது.

மனம் ஆறாமல், உதகையில் வழக்கறிஞராக இருக்கும் அலுவலக நண்பரின் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். சட்டம் என் பக்கம் இருக்கும் என்ற உறுதியோடுதான் போனேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டத்தை அவர் எடுத்து, அதன் கடைசியில் இருந்த இரண்டாம் அட்டவணையை என் முன் வைத்தார். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் அது. அட்டவணையில் பராமரிப்பு வேலைகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. கட்டட அமைப்பைச் சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், மின்சார வயரிங் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. அந்தப் பட்டியலின் நடுவே 'கீசர் பழுது' என்றும் இருந்தது.

நான் திகைத்துப்போனேன். இரண்டு ஆண்டு என் மனத்தில் சுமந்த குறைக்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்று கேட்டேன். அவர் அட்டவணையின் தலைப்பை விரலால் தொட்டுக் காட்டினார். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளப்படாத நிலையில்தான் இந்தப் பிரிவினை பொருந்தும் என்று அங்கே எழுதப்பட்டிருந்தது. இருவரும் சேர்ந்து ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வரியே செல்லும். எழுதாமல் விட்ட இடத்தைத்தான் அட்டவணை நிரப்பும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லை. புரோக்கர் எழுதிய 'நல்ல நிலை' என்ற வரியும் எனக்கு எதிராகவே பயன்பட்டது.

அன்று அவர் சொன்ன மற்றச் செய்திகளையும் குறித்து வைத்தேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவும் இதே நியாயத்தைத்தான் பேசுகிறது. குடியிருப்பவர் வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். ஆனால் இயல்பான தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். 2017 சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். 9,000 ரூபாய் வாடகைக்கு 27,000 ரூபாய் போதும் என்ற இடத்தில் நான் 50,000 ரூபாய் கொடுத்திருந்தேன். வாடகைத் தகராறுகளுக்கு மாவட்ட ஆட்சியர் நியமிக்கும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரி ஒருவர் இருக்கிறார் என்பதும், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து அவரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. தகராறு எவ்வளவு முற்றினாலும் உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. அதே போல, கோபத்தில் வாடகையைக் கொடுக்காமல் நிறுத்திவிடுவது குடியிருப்பவருக்கே கேடாக முடியும் என்று அவர் எச்சரித்தார்.

ஒரு கேள்வியை மட்டும் நான் விடாமல் கேட்டேன். காயில் மாற்றுவது பழுதுபார்ப்பு; பத்து ஆண்டு ஆகித் தொட்டியே அரித்துப்போன கீசருக்குப் பதில் புதியது வாங்குவதும் பழுதுபார்ப்புதானா? அப்படி வாதிட இடமுண்டு, ஆனால் வாதிடுவதைவிட எழுதி வைப்பது மலிவு என்றார். என் கருத்து இன்றும் இதுதான்: நாம் காலி செய்து போன பிறகும் அந்தச் சுவரில் இருந்து உரிமையாளருக்குப் பயன்படப்போகும் புதுப் பொருளின் விலையை நம்மிடம் கேட்பது நியாயமாகாது. நம் தவறால் பழையது கெட்டிருந்தால்கூட, பழைய பொருளின் மதிப்பைத்தான் கேட்கலாம். புதியதன் முழு விலையை அல்ல.

2021 செப்டம்பரில் எங்கள் நிறுவனம் என்னைக் கோத்தகிரிக்கு மாற்றியது. அங்கே நாங்கள் பார்த்த வீட்டின் உரிமையாளர் படகர் சமூகத்தைச் சேர்ந்த ஓர் அம்மா. கீழ்த்தளத்தில் அவர், மேல்தளத்தில் நாங்கள். வாடகை 10,000 ரூபாய், அட்வான்ஸ் 30,000 ரூபாய். சாவி வாங்கும் முன் ஒரு நாள் கேட்டு, டார்ச் விளக்கோடும் கணக்குத் தாளோடும் போனேன். முக்காலியில் ஏறி கீசரின் லேபிளைப் படித்தேன். 2014 என்று இருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து மூடினேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தால் ரப்பர் நன்றாக ஒட்டுகிறதா என்று தெரியும். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். வாஷிங் மெஷினை ஒரு சுற்று ஓட்டினேன். ஒவ்வொரு பொருளையும் ஓடும் நிலையில் கைப்பேசியில் படமெடுத்தேன். தாளில் பொருளின் பெயர், தயாரித்த ஆண்டு, இப்போதைய நிலை, கண்ணுக்குத் தெரியும் குறை, வாங்கிய பில் யாரிடம் இருக்கிறது என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்பினேன்.

கடைசிக் கட்டத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கீசரின் தொட்டிக்கும் ஃபிரிட்ஜின் கம்ப்ரசருக்கும் மற்றப் பாகங்களைவிட நீண்ட வாரன்டி தருவது வழக்கம். பில் உரிமையாளரின் பீரோவில் தூங்க, வாரன்டியில் இலவசமாக ஆகக்கூடிய வேலைக்கு வாடகைதாரர் பணம் கொடுத்த கதைகளை எங்கள் அலுவலகத்திலேயே கேட்டிருக்கிறேன். பழுது வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பொருள் வாரன்டியில் இருக்கிறதா என்பதுதான்.

தாளைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் வாடியது. "என்ன தம்பி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் குன்னூரில் நான் எதையும் எழுதாமல் விட்டேன். இந்த முறை குன்னூரில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "அம்மா, நாளைக்கு நான் உங்க பொருளைக் கெடுத்துட்டு, வர்றப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னா, இந்தத் தாள்தான் உங்களுக்குச் சாட்சி" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயில் இருந்த கீறலைத் தாமே காட்டி, அதையும் எழுதச் சொன்னார்.

ஒப்பந்தத்தில் நாங்கள் சேர்த்த வாசகத்தை அப்படியே தருகிறேன். வேண்டியவர்கள் தங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். 'இணைப்பில் உள்ள உரிமையாளரின் பொருள்கள் பழுதானால், ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரையிலான பழுதை வாடகைதாரர் ஏற்பார். அதற்கு மேற்பட்ட பழுது பொருளின் வயதாலோ தேய்மானத்தாலோ வீட்டின் வயரிங், குழாய்க் குறையாலோ ஏற்பட்டிருந்தால் உரிமையாளர் ஏற்பார். தவறான பயன்பாட்டால் ஏற்பட்டிருந்தால் வாடகைதாரர் ஏற்பார். காரணத்தைப் பழுதுபார்ப்பவர் பில்லில் எழுதித் தர வேண்டும். பொருளையே மாற்ற நேர்ந்தால் புதுப் பொருளை உரிமையாளர் வாங்குவார். கீசர், தண்ணீர் மோட்டார் ஆகியவை பழுதாகி, தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் உரிமையாளர் ஏற்பாடு செய்ய இயலாவிட்டால், வாடகைதாரர் 3,000 ரூபாய் வரை செலவிட்டு, பில்லைக் காட்டி அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.'

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, காரணத்தைப் பில்லில் எழுதி வாங்கும் வரி. 'கீசர் சர்வீஸ், 1,850 ரூபாய்' என்று மட்டும் எழுதிய குன்னூர் பில் எனக்கு எதற்கும் உதவவில்லை. 'நுழைவு வால்வு துருப்பிடித்ததால் காயில் எரிந்தது' என்று அந்த மெக்கானிக் எழுதித் தர ஒரு நிமிடம் போதும், நான் கேட்கவில்லை. கழற்றிய பழைய பாகத்தையும் தூக்கி எறியக் கூடாது. ஒரு பையில் போட்டு, தேதி எழுதி, கணக்கு முடியும் வரை வைத்திருக்க வேண்டும். 48 மணி நேர வரி மலை ஊர்களுக்கென்றே சேர்த்தது. சமவெளியில் ஒரு வாரம் கீசர் இல்லாமல் இருந்துவிடலாம். ஜனவரியில் கோத்தகிரியில் வயதானவர்கள் உள்ள வீட்டால் முடியாது.

அந்த வாசகம் நான்கு ஆண்டில் மூன்று முறை சோதிக்கப்பட்டது. முதல் முறை, ஓர் அக்டோபர் இரவில் இடி மின்னலோடு மழை பெய்து, வாஷிங் மெஷினின் போர்டும் எங்கள் சொந்தத் தொலைக்காட்சியும் ஒன்றாகப் போயின. எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் கம்பியைப் பின்தொடர்ந்து போய், கொல்லையில் அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் அரித்து அறுந்திருந்ததைக் காட்டினார். வயரிங் வீட்டைச் சேர்ந்தது என்பதால் எர்த் வேலையையும் போர்டின் விலையான 2,900 ரூபாயையும் அந்த அம்மா ஏற்றார். தொலைக்காட்சிக்கு நான் எதுவும் கேட்கவில்லை. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கி வைப்பது நான் செய்திருக்க வேண்டிய வேலை.

இரண்டாவது முறை தவறு முழுக்க எங்களுடையது. ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் பனி கட்டியாகப் பிடித்திருந்தது. அணைத்து வைத்து உருக விடப் பொறுமையில்லாமல், என் அம்மா கத்தி முனையால் கொத்தினார். 'உஸ்' என்று ஒரு சத்தம், இரண்டு நொடிதான் கேட்டது. பனிக்குக் கீழே இருந்த மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள் ஓடும் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. ஓட்டையை அடைத்து மறுபடி கேஸ் நிரப்ப 3,200 ரூபாய் ஆயிற்று. காரணத்தைப் பில்லில் உள்ளபடியே எழுதச் சொன்னேன்; 'கூரிய பொருள் பட்டதால்' என்று மெக்கானிக் எழுதினார். பணத்தை நான் கட்டி, பில்லின் படத்தைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினேன். எனக்குச் சாதகமாக இருக்கும் நாளில் மட்டும் காரணம் பேசிவிட்டு, பாதகமான நாளில் தேய்மானம் என்று சொல்பவனுக்கு அந்த வாசகத்தை எழுதக் கேட்கும் தகுதி இல்லை என்பது என் எண்ணம். அதன் பிறகு அந்த அம்மா என்னிடம் பில் காட்டச் சொன்னதில்லை. நான்தான் ஒவ்வொரு முறையும் காட்டிவருகிறேன்.

மூன்றாவது முறைக்கு வருமுன், எதிர்ப்பக்கத்திலும் ஒரு முறை நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான பிறகு ராஜபாளையத்து வீட்டை 2022இல் வாடகைக்கு விட்டேன். அடுத்த கோடையில் போர்வெல் மோட்டாரின் காயில் எரிந்துவிட்டதாகக் குடியிருந்தவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார். "நான் கொடுக்கும்போது நல்லாத்தானே..." என்ற சொற்கள் என் தொண்டை வரை வந்து நின்றன. நான்கு ஆண்டுக்கு முன் என்னைக் காயப்படுத்திய அதே சொற்கள், தொலைவில் இருந்து பணம் கேட்கப்படும் எந்த உரிமையாளருக்கும் முதலில் தோன்றுவது இவைதான் என்று அப்போது புரிந்தது. குன்னூர் உரிமையாளரும் தீய எண்ணத்தில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தாம் கடைசியாகப் பார்த்த நாளில் ஓடிக்கொண்டிருந்த பொருளைத்தான் நினைத்திருப்பார். மெக்கானிக்கிடம் காரணம் கேட்டு எழுதி வாங்கச் சொன்னேன். கிணற்றில் நீர் இறங்கிய பிறகும் மோட்டார் ஓடியிருந்தது. நீர் இறங்கினால் தானே நின்றுவிடும்படி ஒரு தடுப்பை நான் பொருத்தித் தரவில்லை. விழிப்பாக இருக்கும்படி எழுதியும் கொடுக்கவில்லை. காயில் கட்டிய 4,500 ரூபாயை நானே கொடுத்து, அந்தத் தடுப்பையும் பொருத்தினேன்.

மூன்றாவது, மறுபடியும் கீசர்தான். 2024 மார்ச்சில், எந்தப் பழுதும் வருமுன், அந்த அம்மாவிடம் ஆனோடு தண்டைப் பற்றிச் சொல்லி, பத்து ஆண்டான கீசரைத் திறந்து பார்த்துவிடலாம் என்றேன். குன்னூர் கீசரில் கண்டது போலவே கம்பி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஆனால் தொட்டி இன்னும் அரிக்கப்படவில்லை. தண்டும் வால்வும் மாற்றி, கூலியோடு 1,400 ரூபாய் ஆயிற்று. தேய்மானம் என்பதால் செலவு அவருடையது. அடுத்த முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தபோது, நான் எடுத்துப்போன கணக்குத் தாளை அவர் வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீசர் என்ற கட்டத்தில் 'தண்டு மாற்றியது 2024' என்று தம் கையெழுத்தில் எழுதினார். பிறகு கீழே போய், அந்தப் புது வால்வின் பில்லையும் எடுத்து வந்து தாளோடு சேர்த்துக் குத்தினார்.